கண்ணில் கண்ட சுவடு: ஓர் அரிய மூளைக் கட்டியின் வரலாறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. அன்றாடம் காணும் நோய்களுக்கு இவ்வாக்கு நன்கு பொருந்தும். குளிர்காய்ச்சலில் நூறு பேரைப் பார்த்த மருத்துவர், நூற்றோராவது நோயாளி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போதே நோய் இன்னதென ஊகித்து விடுவார். ஆனால் பானையே கண்ணில் படாமல், ஒரே ஒரு பருக்கை மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வது? அது எந்தப் பானையிலிருந்து வந்தது, அந்தப் பானையில் இன்னும் எத்தனை பருக்கைகள் இருக்கின்றன என்று எவ்வாறு அறிவது? அரிய நோய்களை எதிர்ப்படும் மருத்துவரின் நிலை இதுவே.

இத்தகைய நோய்களின் வரலாற்றை எழுதியவர்கள் பேரரசர்களோ படைத்தலைவர்களோ அல்லர். தாம் கண்ட ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, "இப்படியும் ஒன்று உண்டு" என்று ஏட்டில் குறித்து வைத்த மருத்துவர்களே அதன் ஆசிரியர்கள். அவ்வாறு எழுதப்பட்ட சில குறிப்புகள் ஒன்றோடொன்று சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்த கதை ஒன்றை இன்று நேயர்களுடன் பகிர்ந்து கொள்வோம். அக்கதைக்குரிய நோய் ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்னும் மூளைக் கட்டி.

பெயர் நீளமானதுதான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொல்லைக் கண்டவுடன் அதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. கிரேக்க மொழியில் முதற் பகுதி குருதியையும், அடுத்த பகுதி குழலையும், அதற்கடுத்தது முளையையும், இறுதிப் பகுதி கட்டியையும் குறிக்கும். குருதிக்குழல் முளைக்கட்டி என்று தமிழில் ஆக்கலாம். மருத்துவமனையில் இத்தமிழ்ச் சொல்லைச் சொன்னால் எவருக்கும் விளங்காது. எனினும் நோயின் இயல்பை இது ஓரளவு காட்டிவிடுகிறது. நுண்ணிய இரத்தக் குழல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு உருவாகும் கட்டி இது. பெரும்பாலும் பின்மண்டையில் உள்ள சிறுமூளையில் தோன்றும். சில வேளைகளில் தண்டுவடத்திலும் தோன்றும். மண்டையோட்டுக்குள் எழும் கட்டிகள் நூறு இருந்தால் அவற்றுள் ஏறத்தாழ இரண்டே இவ்வகையைச் சேர்ந்தவை. இது புற்றுநோயைப் போல உடலெங்கும் பரவும் இயல்புடையதன்று. ஆயினும், இடம் குறுகிய பின்மண்டையில் வளர்ந்து மூளைநீரின் ஓட்டத்தை அடைத்து விடுமாயின் உயிருக்கே உலை வைக்கும்.

வியப்பு என்னவெனில், இம்மூளைக் கட்டியின் வரலாறு மூளையில் தொடங்கவில்லை, கண்ணில் தொடங்கியது.

1851ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், கண்ணின் உட்புறத்தை ஒளி செலுத்திப் பார்க்கும் கருவியைச் செய்தார். உயிரோடிருக்கும் மனிதனின் இரத்தக் குழல்களை, தோலைக் கீறாமல் நேரே காணக்கூடிய இடம் விழித்திரை. அச்சாளரம் திறந்தபின், கண் மருத்துவர்கள் அதுவரை எவரும் கண்டிராதவற்றைக் காணலாயினர். 1894ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் டிரேச்சர் காலின்ஸ் என்னும் கண் மருத்துவர் இருவரைப் பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டார். அவ்விருவரும் உடன்பிறந்தோர், ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவருக்கும் இரு கண்களிலும் விழித்திரையில் இரத்தக் குழல்கள் திரண்ட விந்தையான வளர்ச்சி காணப்பட்டது. ஒரே வயிற்றிற் பிறந்த இருவருக்கு ஒரே விதமான நோய் என்பதை அவர் தலைப்பிலேயே குறித்தார். காரணம் கூறும் வழி அந்நாளில் இல்லை. ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதினார். பின்னாளில் இந்த ஒரு செய்தி பெரும் பொருளுடையதாயிற்று.

பத்தாண்டுகளுக்குப் பின், 1904இல், ஜெர்மனியில் ஆய்கன் பான் ஹிப்பெல் என்னும் கண் மருத்துவர் இதே நோயை இன்னும் விரிவாக விளக்கி எழுதினார். விழித்திரையில் செந்நிறக் கட்டி. அதற்குச் செல்லும் தமனியும் அதிலிருந்து மீளும் சிரையும் வாய்க்கால் போல் பருத்து, முறுக்கேறிக் கிடந்தன. அவரது கட்டுரையின் தலைப்பைத் தமிழாக்கினால், 'விழித்திரையின் மிக அரிய நோய் ஒன்றைப் பற்றி' என்று வரும். 'மிக அரிய' என்னும் அடைமொழியில் நம் கண் சற்றே நிற்கிறது. அவர் கண்ட அளவில் அது அரியதுதான். ஆனால் அவர் நோக்கியது விழியின் உட்புறத்தை மட்டுமே. அதே மனிதரின் பின்மண்டையில் என்ன நிகழ்ந்து கொண்டிருந்தது என்பதை நோக்க அவரிடம் கருவி இல்லை. நோக்க வேண்டும் என எண்ணக் காரணமும் இல்லை.

அக்காலத்தில் மூளையைப் பற்றிய மருத்துவம் எந்நிலையில் இருந்தது என்பதையும் சிறிது பார்ப்போம். 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் ரிக்மன் காட்லீ என்னும் அறுவை மருத்துவர், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் மூளையிலிருந்து கட்டி ஒன்றை எடுத்தார். எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டது அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆகவே, கை எப்படித் துடிக்கிறது, முகம் எப்படி இழுக்கிறது என்பவற்றை மட்டுமே கொண்டு, கட்டி இன்ன இடத்தில் இருக்க வேண்டுமென ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் கணித்தார். மண்டையோட்டைத் திறந்தபோது கட்டி அவ்விடத்திலேயே இருந்தது. எனினும் நோயாளி நான்கு வாரங்களுக்குப் பின் புண்ணில் சீழ் பிடித்து இறந்தார். கணிப்பு வென்றதையும் நோயாளி இறந்ததையும் அம்மருத்துவர்கள் ஒருங்கே வெளியிட்டனர். மூளை அறுவை மருத்துவம் இத்தகைய நேர்மையின் மீது எழுந்த கட்டடம் என்றால் மிகையாகாது.

சிறுமூளையில் அந்நாளைய மருத்துவர்களைக் குழப்பியவை நீர்ப்பைகளாகும். தலைவலி, விடியற்காலை வாந்தி, தள்ளாட்டம் ஆகியவற்றோடு வந்த நோயாளியின் பின்மண்டையைத் திறந்தால், மஞ்சள் நிற நீர் நிறைந்த பை ஒன்று இருக்கும். நீரை வடித்துவிட்டால் நோயாளி தேறுவார், வீடு திரும்புவார். பிறகு நீர் மீண்டும் சுரக்கும். நோயாளியும் மீண்டும் வருவார். ஏன் சுரக்கிறது என்பது எவருக்கும் தெரியவில்லை.

ஆக, கண் மருத்துவர் கையில் ஒரு பருக்கை. மூளை மருத்துவர் கையில் ஒரு பருக்கை. சவப் பரிசோதனை செய்தவர் கையில், சிறுநீரகத்திலும் கணையத்திலும் கண்ட கட்டிகள் என்று இன்னொரு பருக்கை. யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை நாம் அனைவரும் அறிந்ததே. அக்கதையின் குருடராவது ஒரே யானையைச் சுற்றி ஒரே இடத்தில் நின்றனர். இம்மருத்துவர்களோ வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஏடுகளில் எழுதிக் கொண்டிருந்தனர்.

பருக்கைகள் அனைத்தும் ஒரே பானையைச் சேர்ந்தவை என்று காட்டியவர் ஆர்விட் லிண்டாவ். சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோய்க்கூற்று அறிஞர் அவர். 1892இல் பிறந்தவர். 1926ஆம் ஆண்டில் சிறுமூளை நீர்ப்பைகளைப் பற்றிய ஆய்வு நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஜெர்மானியர் அவ்வுறுப்பிற்கு இட்ட பெயர் 'சிறு' என்றும் 'மூளை' என்றுமே பிரிகிறது. தமிழும் ஜெர்மனும் இவ்விடத்தில் ஒரே வழியில் சிந்தித்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. தாம் நேரில் ஆராய்ந்தவற்றையும், பிறர் பழைய ஏடுகளில் எழுதி வைத்தவற்றையும் திரட்டி, நாற்பது நோயாளிகளின் வரலாற்றை லிண்டாவ் ஒன்று சேர்த்தார்.

அவர் கண்டவை இரண்டு. முதலாவது, அந்நீர்ப்பைகளுட் பலவற்றின் சுவரில், கவனியாதவர் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடிய சிறு முடிச்சு ஒன்று ஒட்டிக் கொண்டிருக்கிறது. அதுவே உண்மையான கட்டி. நீரெல்லாம் அதன் விளைவு. ஊற்றுக்கண்ணை அடைக்காமல் தொட்டியை இறைத்துப் பயன் என்ன? நீரை மட்டும் வடிப்பது வீண். அம்முடிச்சை நீக்கினாலன்றி நோய் தீராது என்பது இதனால் விளங்கிற்று. இரண்டாவது, அச்சிறு முடிச்சும் பான் ஹிப்பெல் விழித்திரையில் கண்ட கட்டியும் அமைப்பில் ஒன்றே. அவற்றோடு சிறுநீரகத்திலும் கணையத்திலும் காணும் நீர்ப்பைகளும் கட்டிகளும் ஒரே நோயின் கிளைகள். பான் ஹிப்பெல் முன்பு பரிசோதித்த நோயாளி ஒருவரின் உடலைப் பின்னர் அறுத்துப் பார்த்தபோது சிறுமூளையிலும் கட்டி இருந்தது என்னும் 1921ஆம் ஆண்டுக் குறிப்பும் இம்முடிவுக்கு அரண் செய்தது.

லிண்டாவ் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை நேயர்கள் கருத வேண்டும். பழைய ஏடுகளைப் பொறுமையுடன் படித்தார். பிறர் பிரித்து வைத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தார். முன்னிருந்தோர் தம் குறிப்புகளை எழுதாமலோ, எழுதியும் காவாமலோ விட்டிருந்தால் அவர் கைக்கு எதுவும் எட்டியிராது.

இந்நூலின் பயனை உடனே உணர்ந்தவர் அமெரிக்காவின் ஹார்வி குஷிங். மூளை அறுவை மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநாட்டியவர்களுள் முதல்வர் அவர். பெர்சிவல் பெய்லி என்னும் அறிஞரோடு சேர்ந்து 1928இல் அவர் வெளியிட்ட நூலிலேயே ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்னும் பெயர் இக்கட்டிக்கு இடப்பட்டது. குஷிங்கிடம் அமைந்த ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இளமையில் அவர் எடுத்த கட்டி ஒன்றை மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தார் தொலைத்து விட்டனர். அன்று முதல் தம் நோயாளிகளின் கட்டிகளைத் தாமே கண்ணாடிச் சாடிகளில் இட்டுப் பாதுகாத்தார். ஒவ்வொன்றுக்கும் நோய்க்குறிப்பு, ஓவியம், நிழற்படம், பின்னாளில் அந்நோயாளி என்ன ஆனார் என்னும் விவரம் ஆகியவை சேர்க்கப்பட்டன. 1931ஆம் ஆண்டிற்குள் அவர் கையால் அறுத்து உறுதி செய்த கட்டிகள் இரண்டாயிரத்தை எட்டின. இந்தப் பெரும் பேரேட்டைக் காத்தவர் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்னும் அம்மையார். அவர் குஷிங்கின் அலுவலகத்தில் எழுத்து உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் மருத்துவமே பயின்று, மூளைக் கட்டிகளை அடையாளம் காண்பதில் ஒப்பற்ற அறிஞராக விளங்கினார். 1944இல் தொடங்கிய நரம்பு அறுவை மருத்துவ ஏடொன்றின் முதல் ஆசிரியராகவும் ஆனார்.

அச்சாடிகளின் பிற்காலக் கதை வேறு. யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவை, காலப்போக்கில் மாணவர் விடுதியின் நிலவறையில் போடப்பட்டுத் தூசு படிந்து கிடந்தன. 1990களில் மருத்துவ மாணவர்கள் அவற்றின் மதிப்பை மீண்டும் உணர்த்தினர். பழுது பார்க்கப்பட்ட அச்சாடிகள் 2010 முதல் தனிக்கூடம் ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

நம் நாட்டில் இக்கட்டியை நீக்கத்தக்க தனித்துறை அமைந்தது விடுதலைக்குப் பின்னரே. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். 1951இல் இவர்களும் துறைத் தோழர் சிலரும் கூடி இந்திய நரம்பியற் சங்கத்தை நிறுவினர். அதற்கு முன் இந்நோயுற்ற எளிய குடும்பத்தார் "தலைவலி கண்டு மாண்டார்" என்றே சொல்லியிருப்பர். நோயின் பெயரே தெரியாதபோது அடுத்த தலைமுறைக்கு எச்சரிக்கை எவ்வாறு கிட்டும்?

எச்சரிக்கை என்று சொன்னோம். அதன் பொருளை இப்போது விளக்குவோம். ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா உற்றோருட் பெரும்பாலோர்க்கு அது தனியே தோன்றும் கட்டி. ஒருமுறை முழுதும் நீக்கினால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. ஆனால் நால்வரில் அல்லது மூவரில் ஒருவருக்கு அது பரம்பரை நோயின் ஒரு கூறு. கண்ணைக் கண்டவர் பெயரையும் மூளையைக் கண்டவர் பெயரையும் இணைத்து, 'பான் ஹிப்பெல் - லிண்டாவ் நோய்' என்று 1964இல் மெல்மன், ரோசன் என்னும் இருவர் எழுதியது முதல் அப்பெயர் நிலைத்து விட்டது. ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவருக்கு இக்குறை இருக்கும். பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. இலண்டனில் உடன்பிறந்த இருவரின் கண்களில் ஒரே நோய் தோன்றியதன் மறைபொருள் இதுவே.

மறைபொருளின் அடிவேர் 1993இல் கிட்டியது. அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, மூன்றாவது குரோமோசோமில் இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். நோயுற்ற குடும்பங்கள் பல, தம் குருதியையும் தம் குலவரலாற்றையும் ஆய்வுக்கு அளித்ததால் இயன்ற கண்டுபிடிப்பு இது. அம்மரபணுவின் தொழில் என்ன? நம் உடலின் அணுக்களுக்குப் பிராணவாயு குறையும்போது, "புதிய இரத்தக் குழல்களை உண்டாக்கு, சிவப்பணுக்களைப் பெருக்கு" என்று கட்டளையிடும் புரதம் ஒன்று உண்டு. பிராணவாயு போதிய அளவு இருக்கும்போது அக்கட்டளைப் புரதத்தை அடையாளமிட்டு அழிப்பதே இம்மரபணுவின் பணி. மரபணு பழுதுபட்டால், காற்று நிறைந்திருக்கும்போதே, காற்றில்லை என மயங்கி அணுக்கள் குழல்களைப் பெருக்கிக் கொண்டே போகும். கட்டி ஏன் குழல்களாலேயே ஆனது என்பது இதனால் விளங்கிற்று. இக்கட்டியுற்றோர் சிலரின் குருதியில் சிவப்பணுக்கள் மிகுந்திருப்பதும், கட்டியை நீக்கியபின் அது தணிவதும் மருத்துவர்கள் நெடுநாள் கண்டிருந்த புதிர். அதுவும் இதனால் விடுபட்டது.

உயிரணு பிராணவாயுவை உணரும் இவ்வழியை வெளிப்படுத்தியதற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கேலின் இவ்வழியில் நடந்தது பான் ஹிப்பெல் - லிண்டாவ் நோயைப் பின்பற்றியே. 2021இல் அக்கட்டளைப் புரதத்தைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்னும் மருந்து, இப்பரம்பரை நோயினருக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கத்தி ஒன்றையே நம்பியிருந்த நோய்க்கு உட்கொள்ளும் மாத்திரை கிடைத்தது. 1894ஆம் ஆண்டின் ஒரு சிறு குறிப்பிலிருந்து இம்மாத்திரை வரை, 127 ஆண்டுகள்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கென இவ்வரலாற்றில் தனிச் செய்தி ஒன்றுண்டு. ஜெர்மனியில் கருங்காடு என்னும் மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் இந்நோயின் ஒரு வகை காணப்படுகிறது. அவர்களிடம் உள்ள மரபணுப் பிழை அனைவர்க்கும் ஒன்றே. முன்னோர் ஒருவரிடமிருந்து வந்தது. கடல் கடந்த அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் சில குடும்பங்களிலும் அதே பிழை, எழுத்துப் பிசகாமல் காணப்பட்டது. பல தலைமுறைகளுக்கு முன் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்தோரின் வழிவந்தவர்கள் இவர்கள். ஊர் மறந்தது, உறவு மறந்தது, மொழியும் மாறியது. உடல் மட்டும் மறக்கவில்லை.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்களை இங்கே எண்ணிப் பார்க்கிறோம். மருத்துவர் கேட்கிறார்: "உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா?" நாம் விழிக்கிறோம். பெரியப்பா தஞ்சையில் எதனால் இறந்தார்? "ஏதோ தலைவலி" என்பார்கள். அத்தைக்குப் பார்வை போனது ஏன்? "கண்ணில் ஏதோ கோளாறு" என்பார்கள். சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் என்ன? அவர் நாக்பூரில் இருந்தார், எவருக்கும் தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் திண்ணைப் பேச்சாகவேனும் நிலைத்திருந்த செய்திகள், நாம் இரயிலேறிச் சிதறியபோது சிதறிப் போயின. பெண்ணுக்கு வரன் அமையாது என அஞ்சி மறைத்தவையும் உண்டு. கண் ஒரு மாநிலத்தில், மூளை ஒரு மாநிலத்தில், சிறுநீரகம் ஒரு மாநிலத்தில் என்று ஒரே குடும்பத்தின் பருக்கைகள் பிரிந்து கிடந்தால், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் லிண்டாவ் எங்கிருந்து வருவார்?

சேர்த்துப் பார்ப்பதால் விளையும் நன்மையோ பெரிது. பரம்பரை நோய் உண்டென அறிந்த குடும்பத்தில், குழந்தைப் பருவம் முதலே ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதித்து, விழித்திரைக் கட்டியைச் சிறிதாயிருக்கும்போதே ஒளிக்கற்றையால் சுட்டுப் பார்வையைக் காக்கலாம். மூளையையும் வயிற்றையும் காலந்தோறும் படமெடுத்துப் பார்த்து, கட்டி தொல்லை தருமுன் தக்கது செய்யலாம். மரபணுச் சோதனையில் பழுது இல்லையெனத் தெரிந்தவர், வாழ்நாள் முழுதும் அஞ்ச வேண்டியதில்லை. நோயுற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்வரலாறே இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரிலிருந்தே அக்குடும்பத்தின் ஏடு தொடங்குகிறது.

இதைக் கேட்டுத் தலைவலி வந்தவரெல்லாம் மூளைக் கட்டியென மயங்க வேண்டாம். தலைவலிக்குக் காரணம் ஆயிரம். இந்நோய் மிக அரியது. நாம் வேண்டுவது சிறு செயலே. வீட்டில் சாதகக் கட்டும் நிலப்பத்திரமும் வைத்திருக்கும் பெட்டியில் ஒரு குறிப்பேட்டையும் வைப்போம். பாட்டன் முதல் பேரன் வரை, உற்ற நோய், உற்ற வயது, செய்த அறுவை, மறைந்த காரணம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதுவோம். மருத்துவமனை தந்த காகிதங்களைப் பழைய தாள்காரனுக்கு எடை போடாமல் அதனோடு சேர்த்து வைப்போம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, எண்பது வயதுப் பாட்டியின் அருகில் அமர்ந்து, தெரியாதவற்றைக் கேட்டு நிரப்புவோம். பாட்டி இருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும்.